நிர்வாக சபையில் ஒரு நாற்காலி

தர்ம ஸ்தாபனம் ஒன்றின் நிர்வாக சபையில் அங்கத்தினராகச் சேரும்படி நம்மை அழைத்திருக்கிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு மாலைப் பள்ளிக்கூடமும், சின்னதாக ஒரு புத்தகசாலையும் நடத்தி வரும் சங்கம் அது. அழைக்க வந்த காரியதரிசி, "ஸார், உங்களுக்கு ஒரு சிரமமும் கிடையாது. வருஷத்தில் நாலு கூட்டம். காப்பி உண்டு. கையெழுத்துப் போட்டால் போதும்" என்றார்.

கடைசி வாக்கியந்தான் நம்முடைய தூக்கத்தைக் கெடுத்தது. நாமோ இருபது வருஷ காலமாக வருகைப் பதிவேட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் கையெழுத்துப் போட்டுப் பிழைக்கிற உபாத்தியாயர். படித்துப் பாராமல் கையெழுத்துப் போடுவதானால் நாம் எதற்கு? ரப்பர் ஸ்டாம்பு மலிவாயிற்றே!

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தோம். தமிழ்நாட்டில் இத்தகைய சங்கங்களுக்கு 1975-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன் அமலில் இருந்தது 1860-ஆம் வருஷத்துச் சட்டம். நிர்வாக சபையில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. பதவிக் காலம் மூன்று வருஷத்துக்கு மேற்படக் கூடாது. ஆண்டுதோறும் பொதுச் சபை கூட வேண்டும். கணக்குகள் பதிவாளருக்குப் போய்ச் சேர வேண்டும். காரியதரிசியின் அழைப்பில் காப்பிக்குக் கிடைத்த இடம் இவற்றில் ஒன்றுக்கும் கிடைக்கவில்லை.

பச்சையப்ப முதலியாரின் கதை நேயர்களுக்குத் தெரிந்ததே. அவர் காலமானது 1794-இல். உயிலில் எழுதிய தருமங்கள் சரிவர நடவாமல், விவகாரம் சென்னைச் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. அவர் பெயரால் பள்ளிக்கூடம் தோன்றியது 1842-இல்தான். நடுவில் நாற்பத்தெட்டு வருஷம்! கொடுத்தவர் மனத்தில் குறையில்லை, பணத்திலும் குறையில்லை. பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளாததுதான் குறை.

"வேண்டாம் என்று சொல்லிவிடுங்களேன்" என்றாள் நம் இல்லத்தரசி. அப்படியே சொல்லியிருப்போம். ஆனால் மறுநாள் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் நம்மை வழிமறித்தார். அவருடைய மகன் நம்மிடம் படித்தவன். "ஸார், நீங்கள் அந்தச் சங்கத்தில் சேரப் போகிறீர்களாமே? நீங்கள் இருந்தால் நானும் மாதம் நூறு ரூபாய் கொடுக்கிறேன்" என்றார். அவருக்கு நூறு ரூபாய் என்பது எத்தனை கோப்பைத் தேநீர் என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்த நூறு ரூபாய் சங்கத்தை நம்பி வருவதல்ல; நம்மை நம்பி வருவது. நாளைக்கு ஏதாவது ஆனால் அவர் பதிவாளரிடம் போக மாட்டார். நம் வீட்டு வாசலுக்குத்தான் வருவார். வர வேண்டியதும் அங்கேதான்.

அதற்காக ஒதுங்கிவிடலாமா? கணக்குக் கேட்கிறவர்கள் எல்லோரும் ஒதுங்கிக்கொண்டால், கேட்காதவர்கள்தானே நாற்காலிகளில் உட்காருவார்கள்? மாலை ஆறு மணிக்கு ஸ்லேட்டும் கையுமாக வந்து நிற்கிற குழந்தைகளுக்கு இந்தத் தர்க்கம் ஒன்றும் தெரியாது.

ஆகவே, சங்கத்தின் உபவிதிகளும், மூன்று வருஷத்துத் தணிக்கையான கணக்கும், கூட்டக் குறிப்புப் புத்தகமும் வேண்டுமென்று கடிதம் எழுதினோம். காரியதரிசிக்குக் கொஞ்சம் மனஸ்தாபந்தான். இருந்தாலும் உபவிதிகளும், குறிப்புப் புத்தகமும், இரண்டு வருஷக் கணக்கும் வந்துவிட்டன. மூன்றாவது வருஷத்ததை ஆடிட்டரிடமிருந்து வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அது வரும் வரையில் செவ்வாயும் வெள்ளியும் மாலைப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறோம். அதற்கு நிர்வாக சபையின் தீர்மானம் எதுவும் வேண்டியதில்லையாம்.