எமது குசினிக்கேற்ற அடுப்பு

அடுப்பைத் தெரிவுசெய்தல் கடைத்தெருவிலே பேசித் தீர்க்கப்படும் சிறு விடயம் என்றே எம்மிற் பலர் எண்ணுகின்றோம். பல்கலைக்கழகச் சஞ்சிகையொன்றில் எழுதத்தக்க பொருளாக அது தோன்றுவதில்லை. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆயின், எமது வீட்டுக்கு நுண்ணலை அடுப்பொன்றைத் தெரிவுசெய்யும் பொறுப்பு என்மீது வந்தபோது, அவ்வீட்டில் யார் எப்போது உண்கின்றார், எத்தகைய உணவை உண்கின்றார் என்பதை அறியாது அத்தெரிவைச் செய்ய இயலாதெனக் கண்டேன். அந்த அனுபவமே இக்கட்டுரைக்குப் பொருளாகின்றது.

எமது ஊர் மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில், கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே உள்ளது. இக்கரையை எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே வயல்கள் விரிந்த அக்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். பெண்ணுக்கு வீடு கொடுத்தல் இப்பகுதியில் நெடுங்காலமாக நிலவும் வழக்கம். திருமணமானதும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை மகளுக்கு விட்டு, அதே வளவிலோ அண்மையிலோ வேறொரு சிறு வீட்டுக்குப் பெயர்வர். அக்காவின் திருமணத்தோடு, அம்மா இருபத்தெட்டு ஆண்டுகள் சமைத்த குசினி அக்காவுடையதாயிற்று. வளவின் பின்புறத்திற் கட்டிய சிறு வீட்டுக்கு அம்மாவும் அப்பாவும் தம்பியும் சென்றனர். அக்கா ஆசிரியை, அத்தானும் அரசாங்க உத்தியோகத்தர். ஆதலால், குசினி கைமாறியபோதும் சமையல் கைமாறவில்லை. அனைவருக்கும் அம்மாவே புதுவீட்டின் விறகடுப்பிற் சமைத்தார்.

எரிவாயு அடுப்பொன்றும் எம்மிடம் இருந்தது. ஆயின், 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலும் எரிவாயு அடுப்புகள் வெடித்ததாக வந்த செய்திகளுக்குப் பின்னர் அம்மா அதனைத் தொட அஞ்சினார். அச்சம் தணியுமுன்னரே தட்டுப்பாடும் விலையேற்றமும் வந்தன. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த பன்னிரண்டரைக் கிலோச் சிலிண்டர் 2022 ஏப்பிரலில் 4,860 ரூபாவாயிற்று. வெறுஞ் சிலிண்டர் மூலையில் நிற்க, தென்னம்பாளையும் சிரட்டையும் மீண்டும் அடுப்புக்கு வந்தன. பின்னர் எரிவாயு தாராளமாகக் கிடைத்தபோதும் அம்மா மனம் மாறவில்லை.

இந்நிலையிலேதான் கட்டாரிற் பணிபுரியும் அண்ணன் பணம் அனுப்பி, “இருக்கிறதுக்குள்ளே பெரிய மைக்கிறோவேவ் ஒண்டு எடுத்துக் குடு” என்று எனக்குச் சொன்னார். விடுமுறைக்கு வந்திருந்த நான் நகரத்துக் கடையொன்றுக்குச் சென்றேன். விற்பனையாளர் மூவகை அடுப்புகளைக் காட்டினார். ‘சோலோ’ என்பது நுண்ணலையால் மட்டும் சூடாக்குவது. ‘கிறில்’ என்பது அதனோடு உணவின் மேற்பரப்பை வாட்டும் சூட்டுக் கம்பியும் கொண்டது. ‘கொன்வெக்சன்’ என்பது வெப்பக்காற்றைச் சுழலச்செய்யும் விசிறியும் கொண்டு, கேக்கும் பாணும் சுடவல்லது. முப்பது இலீற்றர் கொள்ளும் மூன்றாவது வகையையே அவர் பெரிதும் புகழ்ந்தார். அன்று எதனையும் வாங்காது திரும்பினேன்.

இக்கருவியின் வரலாறு எமது கடலோரத்தாருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடித்தன. அது இன்றும் அங்கேயே கிடக்கின்றது. அவ்வுலகப் போரிற் பகைவிமானங்களைத் தொலைவிலேயே கண்டறிய ராடர் கருவி பயன்பட்டது. அதற்கு ஆற்றல் மிக்க நுண்ணலைகளை வழங்கவே ‘மக்னெற்றன்’ என்னும் குழாய் 1940இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திற் செம்மையாக்கப்பட்டது. போர் முடியுங் காலத்தில், அமெரிக்கப் பொறியியலாளர் பேர்சி ஸ்பென்சர் இயங்கும் மக்னெற்றனின் அருகே நின்றபோது தமது சட்டைப்பையிலிருந்த இனிப்பு உருகியதைக் கண்டார். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் நுண்ணலை அடுப்பு ஆளுயரமும் முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்டது. மேசைமேல் வைக்கத்தக்க வீட்டு அடுப்பு அமெரிக்காவிற் பரவத் தொடங்கியது 1967இலேயாகும்.

நுண்ணலை உணவிலுள்ள நீரின் மூலக்கூறுகளை அசைத்தே வெப்பத்தைத் தோற்றுவிக்கின்றது. ஆதலால் நீருள்ள உணவு விரைவிற் சூடேறும். ஆயின் பொன்னிறமாக வறுபடாது. அலை உணவினுள் சில சென்ரிமீற்றர் ஆழமே செல்லும். எனவே குவித்த சோற்றின் நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கும். இவ்விரு உண்மைகளையும் அறிந்தபோது, அம்மாவுக்கு ஏற்ற அடுப்பு எதுவெனக் கடையில் நின்று தீர்மானிக்க முடியாதென்றும், குசினியிலே இருந்து பார்த்தல் வேண்டுமென்றும் தோன்றியது. ஒருநாள் முழுவதும் அம்மா எத்தனை முறை அடுப்பு மூட்டுகின்றார் என எண்ணினேன்.

முதல்முறை அதிகாலை நாலரை மணிக்கு; தேநீரும் பிட்டும் சொதியும். இரண்டாம் முறை ஏழரைக்கு. இரவு முழுவதும் வாவியில் வலைவீசித் திரும்பிய அப்பாவுக்காகப் பிட்டையும் சொதியையும் சூடாக்க. மூன்றாம் முறை பத்தரைக்கு. சோறும் அப்பா கொணர்ந்த திரளியில் ஆணமும். நாலாம் முறை இரண்டேகாலுக்கு. பாடசாலையால் வரும் அக்காவுக்காக. ஐந்தாம் முறை ஐந்து மணிக்கு, அத்தானுக்காக. ஆறாம் முறை இரவுக்கு இடியப்பம் அவிக்க. ஏழாம் முறை ஒன்பது மணிக்கு. தனியார் வகுப்பால் வரும் தம்பிக்காக.

ஆக, ஏழு முறையில் மூன்று முறையே சமையலுக்கு. நான்கு முறை ஆறியதை மீளச் சூடாக்குவதற்கு. விறகடுப்பில் மிகுந்த புகை எழுவது மூட்டுகின்ற வேளையிலேயாம். பிட்டு அவியும்போது அம்மா வெளியே சென்று முற்றம் கூட்டலாம். மூட்டும்போதோ ஊதுவதற்காக முகத்தை அடுப்பருகே வைத்தே ஆகவேண்டும். சமையற் புகை முதலியவற்றால் வீடுகளில் ஏற்படும் காற்று மாசு காரணமாக 2020இல் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அம்மாவின் சிவந்த கண்களையும் விடியற்கால இருமலையும் நாம் நெடுநாளாக அறிவோம்; அவற்றை அம்மாவின் இயல்பாகவே எடுத்துக்கொண்டிருந்தோம்.

தம்பி உண்டு எழுந்தபின் அம்மா தமது தட்டை எடுத்தார். அணைந்த அடுப்பருகே அமர்ந்து, பகற்சோற்றில் எஞ்சியதை உண்டார். “ஏன் அம்மா சூடாக்கேல்ல?” என்றேன்.

“ஒருத்திக்கு மட்டும் அடுப்பு மூட்டுறதா மகள்? ஆறின சோறும் சோறுதானே” என்றார்.

அவ்வளவில் எனது தெரிவு முடிந்தது. எமக்கு வேண்டியது கேக் சுடும் அடுப்பன்று. மீளச் சூடாக்கும் அடுப்பே. மறுநாள் இருபது இலீற்றர் கொள்ளும் ‘சோலோ’ அடுப்பொன்றை வாங்கினேன். பொத்தான்கள் வரிசையாக உள்ளவற்றை விடுத்து, திருகுகுமிழ் இரண்டு மட்டுமே உள்ளதைத் தெரிந்தேன். கடற்காற்றின் உப்பு நுண்ணிய மின்பாகங்களுக்குப் பகை; கண்ணாடியைத் தேடாமலே கையாலறிந்து திருப்பத்தக்கது அம்மாவுக்கும் இலகு. எஞ்சிய பணத்தில் விறகடுப்புக்கு மேலே புகைபோக்கி ஒன்றைக் கட்டுவித்தேன்.

இவ்வடுப்பை வாங்க எண்ணுவோர் கவனிக்கவேண்டியன சில உள. அடுப்பின்மீது எழுதியுள்ள 700 வாற்று என்பது பெரும்பாலும் உணவுக்குச் செல்லும் ஆற்றல். மின்சாரத்திலிருந்து அது பெறுவது ஏறத்தாழ 1,200 வாற்று. எமது 230 வோல்ற்று மின்சாரத்தில் ஐந்து அம்பியர்ச் செருகுதுளை தாங்குவது 1,150 வாற்று மட்டுமே. ஆதலால் பழைய வீடுகளிலுள்ள சிறு வட்டத்துளைகளில் இதனைப் பொருத்துதல் ஆகாது. பதின்மூன்று அம்பியர்த் துளை வேண்டும். செலவோ அஞ்சத்தக்கதன்று. மும்மூன்று நிமிடமாக நாளொன்றுக்கு ஐந்து முறை இயக்கினால் கால்மணி நேரம். அதாவது ஓர் அலகில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு.

பாத்திரத்திலும் கவனம் வேண்டும். அலுமினியச் சட்டியும் எவர்சில்வர்க் கிண்ணமும் பொன்விளிம்புப் பீங்கானும் உள்ளே வைக்கலாகா. மண்சட்டி நீரை உறிஞ்சியிருக்குமாதலின் தானும் சூடேறி வெடிக்கக்கூடும். சாதாரண பீங்கானும் கண்ணாடிக் கோப்பையுமே ஏற்றவை. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் சிறிது நீர் தெளித்து மூடிவைத்தால் அவித்தது போலவே மென்மையாகும். சோற்றைப் பரப்பி, இடையில் ஒருமுறை கிளறுதல் நன்று. எமது வெக்கையில் நாள்முழுதும் வெளியே கிடந்த சோற்றை எவ்வளவு சூடாக்கினும் அதிலுண்டாகிய நஞ்சு நீங்காது. இரண்டு மணி நேரத்துள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததையே சூடாக்க வேண்டும். கோதுடன் கூடிய முட்டையை ஒருபோதும் வைக்கலாகாது.

விறகடுப்பை ஏன் விட்டுவைத்தாய் என அண்ணன் கேட்டார். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை நினைவூட்டினேன். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மின்கம்பங்களைச் சாய்த்தபோது, விழுந்த தென்னைகளுக்கிடையே மூன்று கல் வைத்துச் சமைத்த கதையை அம்மம்மா சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். மின்சாரத்தை மட்டும் நம்பும் குசினி எமது கரைக்கு ஒவ்வாது. மேலும், மீன் ஆணத்துக்கு மண்சட்டியும் மெல்லிய நெருப்புமே வேண்டுமென்பதில் அம்மாவுக்கு மறுபேச்சில்லை.

புது அடுப்பை முதல் வாரம் அம்மா தொடவில்லை. அப்பாவே முதலிற் பழகினார். வாவியிலிருந்து வந்ததும் தமது பிட்டைத் தாமே சூடாக்கினார். பின்னர் அக்காவும் அத்தானும் தத்தம் தட்டை எடுத்தனர். இரவில் தம்பி தனக்குச் சூடாக்கியபின் அம்மாவின் தட்டையும் வைத்துக் குமிழைத் திருப்பினான். ஏழு முறை மூட்டிய அடுப்பு மூன்று முறையாயிற்று.

இதனை இயந்திரத்தின் வெற்றி என மட்டும் கூற என் மனம் இசையவில்லை. அம்மாவின் தட்டைச் சூடாக்க எமக்கு மக்னெற்றன் தேவைப்பட்டிருக்கவில்லை. வளர்ந்த பிள்ளைகள் மூவரில் ஒருவரேனும் ஒருநாள் இரவு அந்த அடுப்பை மூட்டியிருக்கலாம். அல்லது, ‘நீங்களும் எங்களோடு இருந்து சாப்பிடுங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். எவரும் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகள் அக்குசினியில் உண்ட நான், அங்கே எண்ணுவதற்கு ஒன்று இருந்ததென்பதை அறிய ஒரு கடைக்குச் சென்று திரும்பவேண்டியிருந்தது.

விடுதியிலிருந்து இரவிலே தொலைபேசியில் அழைக்கும்போது, “சாப்பிட்டீங்களா அம்மா?” என்று கேட்பது என் வழக்கம். “ஓம்” என்னும் ஒரு சொல்லே முன்னர் மறுமொழியாக வரும். அதற்குமேல் நானும் கேட்டதில்லை. இப்போது என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள் என்றும் கேட்கின்றேன். சென்ற கிழமை அம்மா சொன்னார்: “இடியப்பம் மகள். தம்பிதான் சூடாக்கித் தந்தவன். கொஞ்சம் கூடச் சூடாக்கிப்போட்டான்.”