கிண்ணம் இருக்கிறது, அடி இருக்கிறதா?

அமெரிக்காவில் சாலையும் ரயில் பாதையும் ஒரே மட்டத்தில் குறுக்கிடும் இடங்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் ஆறு இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட அடையாள எண் உண்டு. கம்பத்தில் அறைந்திருக்கும் நீலப் பலகையில் அந்த எண்ணைப் பார்க்கலாம். மத்திய ரயில்வே நிர்வாகத்தின் பதிவேட்டில் அதைத் தேடினால் எத்தனை தண்டவாளம், எத்தனை விளக்கு, கேட் உண்டா, மணி எத்தனை என்று வரிசையாக வரும். எத்தனை மணி என்பது வரும், எப்படிப்பட்ட மணி என்பது வராது. சுத்தி போய்க் கிண்ணத்தில் அடிக்கும் பழைய மணிக்கும், ஒலிபெருக்கியில் மணிச் சத்தம் எழுப்பும் மின்னணுப் பெட்டிக்கும் அந்தக் கட்டத்தில் ஒரே ‘1’ தான். அந்த ஒன்று எது என்று நேரில் போய்க் கேட்டு எழுதிவைக்கிற ஒரு சிறு கூட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. நானும் அதில் ஒருவன்.

நான் இருப்பது சிகாகோவுக்கு மேற்கே. பிழைப்புக்கு வேறு வேலை. வார இறுதிகளில் கிராசிங் மணிகளைத் தேடிப் போவதும், கழற்றிப் போடப்பட்டவை கைக்கு வந்தால் கராஜில் வைத்துப் பழுது பார்ப்பதும் பல வருடப் பழக்கம். இத்தனை காலத்தில் எனக்குள் உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு. ஒரு மணி பிழைத்திருக்கிறது என்று எழுத வேண்டுமானால், அது அடிப்பதைக் கேட்டிருக்க வேண்டும். கிண்ணம் கம்பத்தில் இருப்பதைப் பார்த்தால் மட்டும் போதாது.

மணி ஏன் அடிக்கிறது என்பதைத் தண்டவாளத்திலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும். வில்லியம் ராபின்சன் 1872இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. இரண்டு தண்டவாளங்களையும் ஒரு மின்சுற்றின் இரு கம்பிகளாக ஆக்கினார். ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் ரிலே. பாதை காலியாக இருக்கும்வரை மின்சாரம் ஓடி ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரயிலின் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்த நொடியில் மின்சாரம் அந்தக் குறுக்கு வழியாகப் போய்விடும், ரிலே விழும். விழுந்த ரிலேதான் விளக்குக்கும் மணிக்கும் வழி திறக்கிறது. அந்தப் பேட்டரி தீர்ந்தாலும், தண்டவாளம் உடைந்தாலும்கூட ரிலே விழும், மணி அடிக்கும். கெட்டுப்போனால் எச்சரிக்கையின் பக்கம் சாய வேண்டும் என்ற அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. ரயிலின் வேகத்தை அளந்து எச்சரிக்கை நேரத்தைச் சீராக்கும் கருவிகள் இன்று வந்துவிட்டன. கடந்துபோகும் ரயில் வந்து சேர்வதற்குக் குறைந்தது 20 விநாடி முன்பே எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்பது விதி.

மணிக்குள் இருப்பது பள்ளிக்கூட இயற்பியல் நோட்டில் நாம் எல்லோரும் வரைந்த மின்மணிதான். காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் ஆர்மேச்சர் இழுபடும். அதன் நுனியில் இருக்கும் சுத்தி கிண்ணத்தில் அடிக்கும். இழுபட்ட அதே அசைவில் காண்டாக்ட் விலகி மின்சாரம் அறுந்துவிடும். ஸ்பிரிங் ஆர்மேச்சரைத் திரும்ப இழுக்க, காண்டாக்ட் மறுபடி தொடும், அடுத்த அடி விழும். இந்தச் சுழற்சியின் வேகத்தைத் தீர்மானிக்கும் கடிகாரம் எதுவும் உள்ளே கிடையாது. ஸ்பிரிங்கின் விறைப்பு, சுத்தியின் எடை, பேட்டரியின் வோல்டேஜ், அன்றைய குளிர் எல்லாம் சேர்ந்துதான் நடையை முடிவு செய்கின்றன. புயலில் கரண்ட் போய், சார்ஜர் நின்று, பேட்டரி இறங்க இறங்க மணியின் நடை தளர்வதைக் கேட்டிருக்கிறேன். ஜனவரிக் குளிரில் எண்ணெய் இறுகிய மணி முதல் சில அடிகளைத் தயங்கித் தயங்கித்தான் போடும்.

பழுது பார்ப்பதில் பாதிக்கு மேல் ஓர் இடைவெளியைச் சரிசெய்யும் வேலைதான். ஓய்வில் இருக்கும்போது சுத்தி கிண்ணத்தைத் தொடக் கூடாது. ஆர்மேச்சரைக் கையால் முழுவதும் அழுத்திப் பிடித்தாலும் தொடக் கூடாது. அந்த நிலையில் சுத்திக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு உரசாமல் போய் வர வேண்டும். மின்சாரம் இழுக்கும்போது சுத்தி தன் வேகத்தின் மிச்சத்தில் அந்தக் கடைசி இடைவெளியைக் கடந்து, அடித்து, உடனே விலகிவிடும். கிண்ணத்தோடு ஒட்டி நின்றால் கார்வை செத்து ‘டொக்’ என்று கேட்கும். இடைவெளி கூடிவிட்டால் ஓர் அடி விழும், அடுத்தது எட்டாமல் போகும். கருகிய காண்டாக்டில் அரம் போடக் கூடாது, வெள்ளி போய்விடும். மெல்லிய மெருகுத் தகட்டால் நீவிவிட்டால் போதும். மூடியைத் திறந்ததும் உள்ளே குளவி கட்டிய மண் கூட்டை எடுப்பதுதான் பெரும்பாலும் முதல் வேலை. ‘அடிக்கவில்லை’ என்று கழற்றிப் போட்ட மணிகளில் சில, அதை எடுத்ததுமே அடித்திருக்கின்றன.

கிண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லத் தோன்றுகிறது. நடுவில் ஒரு போல்ட்டில் நிற்கும் கிண்ணத்தின் விளிம்புதான் அதிர்கிறது. எந்த வார்ப்பும் பிசகற்ற வட்டம் இல்லை. எங்கோ ஒரு பக்கம் மயிரிழை தடிமன் கூடும். அதனால் ஒரே சுருதியாக இருக்க வேண்டிய ஒலி, மிக நெருக்கமான இரண்டு சுருதிகளாகப் பிரிந்து நிற்கும். அவை ஒன்றோடொன்று மோதும்போது கார்வையில் ஓர் அலை எழும். ‘வாம்… வாம்… வாம்’ என்று அது ஏறி இறங்குவதைக் கிட்டத்தில் நின்றால் கேட்கலாம். சுத்தி விளிம்பின் எந்த இடத்தில் அடிக்கிறது என்பதைப் பொறுத்து அந்த அலை ஓங்கும், அல்லது காணாமலே போகும். பல வருடம் அடி வாங்கிய விளிம்பில் ஒரு தட்டை விழுந்திருக்கும். போல்ட்டைத் தளர்த்திக் கிண்ணத்தைச் சற்றுத் திருப்பிவிட்டால் சுத்திக்குப் புது முகம் கிடைக்கும். ஆனால் அதோடு குரலும் மாறிவிடும். அந்த ஊர் இத்தனை வருடம் கேட்டுவந்த மணி அதன் பிறகு வேறு மணி. ஆகவே எந்த போல்ட்டில் கை வைப்பதற்கும் முன்னால் இருக்கிறபடியே அடிக்கவிட்டுப் பதிவு செய்துகொள்வேன். கிண்ணமும் அடித்தட்டும் சேரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடும் போட்டுவிடுவேன்.

இதனால்தான் தயாரிப்பாளர் பெயரோடு நின்றுவிடும் பட்டியல்களில் எனக்கு மனம் நிறைவதில்லை. ரோசெஸ்டரின் ஜெனரல் ரயில்வே சிக்னல், 1881இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் பிட்ஸ்பர்கில் தொடங்கிய யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், மினியாபொலிஸின் கிரிஸ்வோல்ட், இங்கே சிகாகோவின் வெஸ்டர்ன்-கல்லன்-ஹேய்ஸ் ஆகிய பெயர்களை வார்ப்பில் படிப்பது சந்தோஷம்தான். ஆனால் ஒரே பட்டறையில் வார்த்த இரண்டு மணிகள் நாற்பது வருடம் வேறு வேறு கம்பத்தில், வேறு வேறு ஆளின் பராமரிப்பில் இருந்துவிட்டால் ஒரே குரலில் அடிப்பதில்லை. பழைய மணிகளை வாங்கிப் பளபளவென்று பெயின்ட் அடித்து அலமாரியில் வைப்பவர்கள் அவற்றை உலைக்குப் போகாமல் காப்பாற்றுகிறார்கள், அதற்கு நன்றி. அங்கே காப்பாற்றப்படுவது இரும்பும் வெண்கலமும்தான் என்பது என் கணக்கு. ஒரு 12 வோல்ட் பேட்டரியையாவது பக்கத்தில் வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதே கிராசிங்குகளில் இருந்த விக்வாக் சிக்னலுக்கு நடந்ததைப் பாருங்கள். 1909இல் கலிபோர்னியாவின் பசிபிக் எலக்ட்ரிக் ரயில்வேயில் ஆல்பர்ட் ஹன்ட் என்ற பொறியாளர் வடிவமைத்தது அது. கேட்காரர் சிவப்பு லாந்தரை ஆட்டிக் காட்டுவதைப் போல ஒரு வட்டத் தகடு நடுவில் விளக்கோடு இப்படியும் அப்படியும் ஆடும். மணியும் சேர்ந்தே அடிக்கும். விக்வாக் ஒன்றைக் கழற்றப் போகிறார்கள் என்றால் ஊர்க்காரர்கள் கேமராவோடு வந்துவிடுகிறார்கள், நினைவுச் சின்னமாகவாவது வையுங்கள் என்று கேட்கிறார்கள். கண்ணுக்குப் படுவது மாறினால் ஊருக்குத் தெரிகிறது. மணி மட்டும் மாறினால் காலையில் ஒருவர் ஏணியில் ஏறுவார், மதியத்துக்குள் முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்குச் ‘சத்தம் என்னமோ மாதிரி இருக்கே’ என்று தோன்றுவதோடு சரி.

மாற்றுபவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மணியைக் குறைந்தது மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று மத்திய விதி இருக்கிறது. ஒரு பராமரிப்பாளரின் கையில் எத்தனையோ கிராசிங்குகள். அசையும் பாகமே இல்லாத, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மின்னணு மணி அவருக்கு எவ்வளவு நிம்மதி என்பது புரிகிறது. பணமும் அதற்கு வருகிறது. 1973இன் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வந்த, ‘பிரிவு 130’ என்று எல்லோரும் சொல்லும் மத்திய நிதி, ஆபத்தான கிராசிங்குகளை மேம்படுத்தத்தான் இருக்கிறது. கேட் வந்தால் உயிர் பிழைக்கும் என்றால் கேட் வரட்டும். 2005இல் நடைமுறைக்கு வந்த ஹார்ன் விதியின்கீழ் ஊர்கள் ‘அமைதி மண்டலம்’ கேட்டு வாங்கலாம். அங்கே வழக்கமாக ஹார்ன் அடிக்காமல் ரயில் வரும்போது, நடந்து போகிறவருக்கும் சைக்கிள்காரருக்கும் காதில் விழும் முதல் எச்சரிக்கை பெரும்பாலும் இந்த மணிதான். அது அடித்தே ஆக வேண்டும், எந்த வகையாக இருந்தாலும். போகிற மணியின் குரலை எழுதிவைத்துக்கொண்டு அனுப்புங்கள் என்பது மட்டுமே என் கோரிக்கை.

கண் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கும் சாட்சி நிறைய. மின்னணு மணியின் கூடு சிலவற்றில் தூரத்துப் பார்வைக்குக் கிண்ணம் மாதிரியே இருக்கும். ஒரு கம்பத்தில் பழைய மணியைக் கழற்றாமல் செத்தபடியே விட்டுவிட்டு, எதிர்க் கம்பத்தில் புதியதை மாட்டியிருப்பார்கள். தெருக் காட்சிப் படங்களில் பின்னோக்கிப் போய் எந்த வருடம் மணியின் வடிவம் மாறியது என்று தேடுவது எங்கள் கூட்டத்தில் எல்லோரும் செய்வதுதான், பயனுள்ளதும்கூட. படம் சந்தேகத்தைக் கொடுக்கும். தீர்ப்பைக் காது சொல்ல வேண்டும். மின்னணு மணியில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் வித்தியாசமே இராது. நின்றால் சட்டென்று அறுந்துவிடும். நிஜக் கிண்ணத்தில் முந்தைய அடியின் அதிர்வு அடங்குவதற்குள் அடுத்தது விழுவதால் ஒவ்வோர் அடியும் கொஞ்சம் வேறாகக் கேட்கும். மின்சாரம் நின்ற பிறகும் கடைசி அடியின் கார்வை தானாகத் தேய்ந்துதான் ஓயும். அந்த வாலைக் கேட்டால் எனக்குச் சந்தேகம் மிச்சமில்லை.

இரு கம்பங்களிலும் பழைய மணியே இருக்கும் கிராசிங் கிடைத்தால் அது எனக்குத் திருநாள். இரண்டும் ஒன்றாகத் தொடங்கும். நடை இம்மியளவு வேறு என்பதால் ஒன்று மெல்ல முந்தும். அடுத்த தெருக் கோயிலிலும் இந்தத் தெருக் கோயிலிலும் ஒரே பாட்டு ஒலிபெருக்கியில் ஓடுவது மாதிரி, விலகி, இடையில் புகுந்து, மறுபடி சில அடிகள் ஒன்றாக விழும். ஒன்று சேர்வதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்பதைக் குறித்து வைத்தால் இரண்டு மணிகளின் வேக வித்தியாசம் கையில் கிடைத்துவிடும்.

பதிவு செய்யும் முறையில் சிலவற்றை விட்டுக்கொடுக்கக் கூடாது. நடைபாதையை விட்டு ரயில்வே நிலத்தில் கால் வைக்கக் கூடாது. ஒலிப்பதிவுக் கருவியில் தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் முதல் அடி நசுங்கிப் பதிவாகும். ரயில் வருவதற்கு வெகு முன்பே பதிவைத் தொடங்கி, விளக்கு அணைந்து கார்வை முழுக்க ஓயும்வரை வாய் திறக்காமல் நிற்க வேண்டும். கேட் முழுக்க இறங்கியதும் மணி நிற்கிறதா, ரயில் போகும்வரை அடிக்கிறதா என்பதையும் எழுத வேண்டும். தேதி, வெப்பநிலை, எந்தக் கம்பம், நிமிடத்துக்கு எத்தனை அடி, இவை இல்லாத பதிவால் பின்னால் பழுது பார்க்கிறவருக்குப் பிரயோஜனம் குறைவு.

பராமரிப்பாளரைக் கண்டால் மரியாதையாக வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுப்பேன். வயதான ஒருவர், கழற்றிய மணிகளிலிருந்து எடுத்த காண்டாக்ட் ஸ்பிரிங்குகளைத் தன் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு சிறு டப்பாவில் வைத்திருந்தார். அவர் பொறுப்பில் இருந்த கிளைப் பாதையில் பழைய மணிகள் அத்தனை காலம் அடித்ததற்கு அந்த டப்பாதான் காரணம். அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

அந்தப் பாதையில் ஒரு மாவு ஆலைக்குப் போகும் கிராசிங்கில் இப்போது தரையில் சிவப்பும் ஆரஞ்சுமாகக் கேபிள் கோடுகள் போட்டிருக்கிறார்கள். கேட்டுக்கான புது கான்கிரீட் அடித்தளம் காய்ந்துவிட்டது. பங்களா என்று இங்கே சொல்லும் அலுமினியக் கூண்டும் வந்து இறங்கிவிட்டது. கடுங்குளிரில் அந்த மணி அடித்தது என்னிடம் பதிவாக இருக்கிறது, வெயிலில் அடித்தது இல்லை. சரக்கு வண்டி வருவது செவ்வாயும் வெள்ளியும். இந்த வெள்ளிக்கிழமை மதியத்துக்கு லீவு சொல்லியிருக்கிறேன்.