மடக்கணுமா, நீட்டணுமா?

கை எப்படி இருக்குன்னு கேக்குற நண்பர்களுக்குத் தனித்தனியா பதில் சொல்லி மாளல. அதனால மொத்தமா இங்கயே எழுதிடறேன். கொஞ்சம் நீளமான புராணம்தான், பொறுமை இருக்கறவங்க படிங்க :-)

பழைய கதை சுருக்கமா. ரெண்டு வருஷம் முன்னாடி ஐப்பசி மழையில ஆல்பேட்டை பக்கம் வண்டி வழுக்கி விழுந்ததுல வலது முழங்கை உடைஞ்சுது. மேல்கை எலும்போட கீழ்முனை, மூட்டுக்கு உள்ள வரைக்கும் போய் மூணு துண்டு. ரெண்டு பக்கமும் பிளேட் வெச்சு முடுக்கினாங்க. எலும்பு அருமையா ஒட்டிடுச்சு, அதுல குறையே சொல்ல முடியாது. ஆனா அதுக்கப்புறம் அஞ்சு வாரம் மாவுக்கட்டு போட்டு அசைக்கவே கூடாதுன்னு வெச்சுட்டாங்க. பிரிச்சப்ப கை கொடிக்கம்பம் மாதிரி நின்னுச்சு. (எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க, சொல்லப்போறதில்லை.)

முழங்கை ஒரு விசித்திரமான மூட்டு. மேல்கை எலும்பு ஒண்ணு, முன்கை எலும்பு ரெண்டு, ஆக மூணும் ஒரே பைக்குள்ள சந்திக்குது. அந்தப் பையை ஒட்டியே தசை வேற ஓடுது. அடிபட்டா பை தடிச்சு சுருங்கிடும். போதாக்குறைக்கு, எலும்பே இருக்கக்கூடாத இடத்துல புதுசா எலும்பு வளரும். உடம்புல இருக்குற பெரிய மூட்டுகள்லயே சீக்கிரம் இறுகிப்போறது இதுதான்னு சொல்றாங்க. அசைக்காம வெச்சா கேக்கவே வேணாம்.

ஒரு வருஷம் பிசியோதெரபி. அதுக்கப்புறம் நாலு மாசம் திருகு வெச்ச ஸ்ப்ளிண்ட் ஒண்ணு. கையில மாட்டிக்கிட்டு திருகை தினம் கொஞ்சம் கொஞ்சமா முடுக்கணும், பழைய காலத்து கரும்பு ஆலை ஞாபகம் வரும். அதுல பத்து டிகிரி கிடைச்சுது. அதோட நின்னுபோச்சு. கடைசி அஞ்சு மாசமா அரை டிகிரி கூட நகரலை.

டிகிரின்னு சொன்னதும் ஒரு விஷயம். நான் கணக்கு வாத்தியார். கிளாஸ்ல நேர்கோட்டுக் கோணம்னா 180. டாக்டருங்களுக்கு நேரா நீட்டின கை 0, முழுசா மடக்கினா சுமார் 145. முதல் தடவை "தொண்ணூத்தஞ்சுல நிக்குது சார்"னு சொன்னப்ப என் புத்தி தலைகீழா கணக்கு போட்டு சந்தோஷப்பட்டுடுச்சு! என்னோடது 45-லேர்ந்து 95 வரைக்கும். அதாவது முழுசா நீட்டவும் வராது, முழுசா மடக்கவும் வராது. நடுவுல ஒரு அம்பது டிகிரிக்குள்ள குடும்பம் நடத்துறேன்.

இதுல எல்லா டாக்டரும் சொல்ற ஒரு கணக்கு, 30-லேர்ந்து 130 வரை இருந்தா அன்றாட வேலைக்குப் போதும்ங்கிறது. எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிப் பார்த்தேன். 1981-ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல மோரேங்கிற டாக்டரும் கூட்டாளிகளும் 33 பேரை வெச்சு, 15 வேலைகளைச் செய்யச்சொல்லி அளந்திருக்காங்க. ஃபோர்க்ல சாப்பிடறது, கதவு திறக்கறது, டெலிபோன் பேசறது இந்த மாதிரி. 2011-ல இன்னொரு குழு திரும்ப அளந்தப்ப, செல்போனைக் காதுல வெக்க 140-க்கு மேல மடங்கணும்னு வந்துச்சாம். சரிதான். ஆனா ரசம் சாதத்தைக் கையால அள்ளி வாய்க்குக் கொண்டுபோறதையும், குளிச்சு முடிச்சு நெத்தியில விபூதி இடறதையும் நம்ம ஊர்ல யாராவது அளந்தா தேவலை.

என் பிரச்சனையே அதான். கை வாய்க்கு வராது, வாய்தான் கைக்குப் போகணும். வீட்டுல இடது கையில ஸ்பூன் பிடிச்சு சமாளிச்சுடறேன். பந்தியில முடியல. வாழை இலையில ஸ்பூனை வெச்சு இடது கையால தின்னா, பக்கத்துல உக்காந்திருக்கற பெருசு முதல்ல முறைக்கும், அப்புறம் விசாரிக்கும், அப்புறம் வைத்தியம் சொல்லும். ரெண்டு வருஷமா கல்யாணத்துக்குப் போனா மொய் எழுதிட்டு நேரா பஸ் ஸ்டாண்டுதான்.

வைத்தியம் சொல்றவங்கன்னு எடுத்தா பட்டியலே போடலாம். பெரியப்பாவுக்கு ஆந்திராவுல இருக்கற புத்தூர் கட்டு. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடற ஆளு ஒருத்தரைத் தெரியும். அந்த ஆளைப் பத்தி மட்டும் ஒண்ணு சொல்லிடறேன், யாருக்காவது உதவும். அடிபட்ட முழங்கையை வலிக்க வலிக்க இழுத்து உருவினா அந்த வேண்டாத எலும்பு இன்னும் வளரும். எலும்பு டாக்டருங்க தலையில அடிச்சுக்கிற விஷயம் இது. தானா அசைக்கறது வேற, இன்னொருத்தர் முரட்டுத்தனமா இழுக்கறது வேற.

எங்க ஸ்கூல் பி.டி. மாஸ்டருக்கோ கிரிக்கெட்தான் வைத்திய சாஸ்திரம். "சச்சினே பண்ணிக்கலையா சார்?" உண்மைதான். 2004-ல இடது முழங்கை வலியால ஆஸ்திரேலியாவோட முதல் ரெண்டு டெஸ்ட் ஆடலை. என்னென்னவோ பண்ணிப் பார்த்து முடியாம 2005 மே மாசம் லண்டன்ல ஆபரேஷன். அதுக்கப்புறம் பையனோட பிளாஸ்டிக் பேட்டைக்கூட தூக்க முடியலைன்னு அவரே சொல்லியிருக்கார். அக்டோபர்ல நாக்பூர்ல இலங்கையோட 93. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அது டென்னிஸ் எல்போ, தசைநார் எலும்போட ஒட்டற இடத்துல வர்ற கோளாறு. மூட்டுக்கு உள்ள உடைஞ்ச என் கேஸ் வேற.

எனக்கு அதைவிட ஜோஃப்ரா ஆர்ச்சர்தான் மனசுல நின்னார். 2021 மே மாசம் வலது முழங்கையில ஆபரேஷன், அதே வருஷம் டிசம்பர்ல அதே முழங்கைக்கு ரெண்டாவது. அதோட முடிஞ்சுதா? 2022-ல முதுகு எலும்பு. 2023-ல மறுபடி முழங்கை, ஆஷஸ் போச்சு. 2025 ஜூலைல லார்ட்ஸ்ல நம்ம ஆளுங்களோட ஆடினதுதான் நாலு வருஷம் கழிச்சு அவருக்கு முதல் டெஸ்ட். மூணாவது பந்துல ஜெய்ஸ்வால் அவுட். இந்தியா விக்கெட் விழுந்ததுக்கு நான் லேசா சந்தோஷப்பட்டது அன்னிக்கு ஒரு நாள்தான், வீட்டுல முறைச்சாங்க. உலகத்துல இருக்கற நல்ல டாக்டர், நல்ல பிசியோ எல்லாம் பக்கத்துல இருக்கற ஆளுக்கே நாலு வருஷம்னா, கடலூர் மஞ்சக்குப்பத்து வாத்தியாருக்கு எவ்வளவு? அதனாலயே ஆபரேஷன் வேண்டாம்னு ஒரு முடிவுல இருந்தேன். அம்பது டிகிரியோடயே காலத்தை ஓட்டிடலாம்.

அதை மாத்தினது சுண்டுவிரல்.

தமிழ்99-ல தட்டறவங்களுக்குத் தெரியும், ந, ய, ழ மூணும் வலது சுண்டுவிரல் வேலை. ஆவணி வாக்குல நான் எழுதறதுல 'ழ' மட்டும் காணாமப் போக ஆரம்பிச்சுது. 'தமிழ்'ங்கற வார்த்தையே 'தமி'ன்னு நிக்கும். கீபோர்டு பழசாயிடுச்சுன்னு புதுசு வாங்கினேன். அதுலயும் அப்படியே. அப்புறம்தான் கவனிச்சா, விரல் பட்டனைத் தொடுதா இல்லையான்னே தெரியல. சுண்டுவிரலும் பக்கத்து விரல்ல பாதியும் மரத்திருக்கு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற சதை வேற லேசா குழிவிழுந்திருக்கு.

சின்ன வயசுல முழங்கையைக் கதவுல இடிச்சுக்கிட்டா சுரீர்னு கரண்ட் அடிக்குமே, அந்த நரம்பு. மூட்டுக்குப் பின்னாடி உள்பக்கமா ஒரு பள்ளத்துல ஓடுது. சுத்தி இருக்கற தழும்பும் எலும்பும் அதை நெருக்குது. நரம்பு டெஸ்ட்லயும் அதுதான் வந்துச்சு.

கடலூர்க்காரனுக்கு ஒரு கஷ்டம்னா எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "ஜிப்மர் போ". இன்னொரு வழி சிதம்பரம். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரின்னு 1985-ல ஆரம்பிச்சது இப்ப அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. கடலூர் பேர்ல இருக்கற காலேஜ் இருக்கறது சிதம்பரத்துல, நம்ம ஊர் விசேஷம்! எங்க அக்கா வீடும் சிதம்பரம் மேலவீதி பக்கம்தான். அக்கா மிரட்டி வரச்சொல்லி, அண்ணாமலைநகர்ல ஒரு எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போச்சு.

அதுவரைக்கும் நான் பார்த்த டாக்டர்கள்கிட்ட எல்லாம் நான் கேட்டது "முழுசா சரியாகுமா?"ங்கறதுதான். அவங்களும் "பார்க்கலாம்"னு சொல்வாங்க. இவர் என்னைக் கேட்டார்.

"வாத்தியார் சார், உங்களுக்கு மடக்கணுமா, நீட்டணுமா?"

"ரெண்டும் வேணும் டாக்டர்."

"ஒண்ணுதான் கிடைக்கும்னா?"

எனக்கு உடனே பதில் வரல. போர்டுல எழுத கை நீளணும்னு தோணுச்சு. யோசிச்சா, தோளை வெச்சே ரெண்டு வருஷமா எழுதிட்டுத்தானே இருக்கேன். அக்கா பக்கத்துலேர்ந்து, "அவன் கையால சாப்பிடணும் டாக்டர், அது போதும்"னுச்சு.

பேப்பர்ல படம் போட்டுக் காட்டினார். நீளம் வேணும்னா பையோட முன்பக்கத்தை வெட்டி விடணும், மடக்கம் வேணும்னா பின்பக்கத்தை. கூடவே வளர்ந்த எலும்பைச் செதுக்கணும். ரெண்டும் பண்ணிப் பார்ப்பார், ஆனா நேரமும் பலமும் எதுல போகணும்ங்கறது என் தேவையைப் பொறுத்தது. ஆபரேஷன் டேபிள்ல கிடைக்கற கோணம் முழுசா தங்காது, கொஞ்சம் திரும்பிப் போயிடும். மறுநாள்லேர்ந்தே வலியோட அசைக்கணும், மாசக்கணக்குல. எத்தனை டிகிரின்னு கடைசி வரைக்கும் சொல்லலை. சீழ் பிடிக்கலாம், எலும்பு மறுபடி வளரலாம், மூட்டு ஆட்டம் கண்டுடலாம்னு மட்டும் சொன்னார்.

நரம்பு விஷயத்துல மட்டும் இழுக்காம பேசினார். அதை விடுவிச்சே ஆகணும். என்னை மாதிரி மடக்கம் குறைஞ்ச கையை நரம்பை விடுவிக்காம மடக்கவெச்சா அது இழுபட்டு இன்னும் கெடும். தள்ளிப்போட்டா சதை கரைஞ்சது திரும்பாது. செத்த நரம்பு வளர்றது நாளைக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர். முழங்கையிலேர்ந்து உள்ளங்கை வரைக்கும் கால் மீட்டருக்கு மேல, நானே கணக்கு போட்டுக்கிட்டேன், கிட்டத்தட்ட ஒரு வருஷம்.

அப்ப நான் ரெண்டு வருஷமா எடை போட்டுக்கிட்டிருந்த தராசே வேற. "இந்த அம்பது டிகிரி போதுமா"ன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். சும்மா இருந்தா அம்பது டிகிரி அப்படியே இருக்கும், விரல்தான் இருக்காது.

பொங்கல் முடிஞ்சு ஆபரேஷன்னு முடிவு பண்ணியாச்சு. நரம்பு முதல், மடக்கம் ரெண்டாவது, நீளம் கிடைச்சா லாபம். பிளேட்டை எடுக்கறதா விடறதாங்கறதை உள்ள பார்த்துட்டு அவரே முடிவு பண்ணட்டும். சிதம்பரத்துலயே பண்ணிக்கறதுக்குக் காரணம் டாக்டர் மட்டும் இல்ல. தினம் பிசியோவுக்குப் போகணும், தைச்ச கையோட கடலூர்லேர்ந்து நாப்பது கிலோமீட்டருக்கு மேல பஸ்ல குலுங்கிட்டு வர முடியாது. ஆறு வாரம் அக்கா வீடு. மாமா மாடி ரூமைக் காலி பண்ணிட்டார், கட்டில் மட்டும் பாக்கி. அக்காவுக்கு வேற கவலை, "வலிக்குதுன்னு பிசியோவுக்கு மட்டம் போட்டா சோறு கிடையாதுடா தம்பி"ன்னு இப்பவே எச்சரிக்கை.

உறுத்தறது பத்தாம் வகுப்புப் பசங்கதான். பொதுத்தேர்வு நேரத்துல நான் இருக்க மாட்டேன். தேர்வு முடியட்டும்னு ஏப்ரல் வரை தள்ளலாமான்னு டாக்டரைக் கேட்டும் பார்த்தேன், அவர் என் கையைத் திருப்பி அந்தக் குழிவிழுந்த இடத்தைக் காட்டினார், அவ்வளவுதான். பக்கத்து செக்‌ஷன் டீச்சர் ரெண்டு கிளாஸையும் சேர்த்துப் பார்த்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. இயற்கணிதம் அவங்க பாடு. வடிவியலை மட்டும் பொங்கலுக்குள்ள நானே முடிச்சுக் கொடுக்கறேன்னு வாக்கு கொடுத்திருக்கேன். போர்டுல வட்டம் போட 95 டிகிரி தாராளமா போதும்.