குறுக்கு விசாரணை

கறுப்புக் கோட்டைக் கண்டாலே ஒதுங்கி நடக்கும் குடும்பத்தில் பிறந்தவன் நான். சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை வகுப்பில் நடத்துவதோடு என் சட்ட அறிவு முடிந்தது. மதுரையில் நடக்கவிருந்த மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு மாணவர் அணியைப் பயிற்றுவிக்குமாறு முதல்வர் என்னைப் பணித்தால் என்ன செய்வேன்? பட்டிமன்றப் பேச்சு எழுதிக் கொடுப்பதுபோல வினாவையும் விடையையும் நானே எழுதி, ஐவரையும் மனப்பாடம் செய்யச் சொன்னேன்.

வழக்கு எங்கள் மண்ணுக்கும் பொருந்துவதுதான். கல்லூரி வாசலில் நின்றால் தெரிகின்ற மேகமலை வனவிலங்குச் சரணாலயமானது. 2021இல் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கியது. போட்டிக்குத் தந்த வழக்கில், இத்தகையதொரு மலையடிவாரத்தில் உழும் குடும்பம் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி நில உரிமை கோருகிறது. பழங்குடியினர் அல்லாதார், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்தமையைக் காட்டவேண்டும். 1930ஆம் ஆண்டுத் தாளுக்கு ஏழை எங்கே போவான்?

சீட்டுக் குலுக்கித் தரப்புகளைப் பிரித்தேன். அரசுத் தரப்பு வழக்கறிஞர் பொறுப்பு, வருசநாட்டுப் பக்கத்திலிருந்து வரும் பொருளியல் மாணவி ஒருவருக்கு விழுந்தது. முகம் சற்று வாடியது, மறுக்கவில்லை.

முதல் ஒத்திகை சந்தைக்கடைதான். தம் சாட்சியை விசாரிக்கும்போது விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்து ஊட்டக்கூடாது. எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கையில் ஊட்டலாம். நான் தலைகீழாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன்! எப்படியோ, முதியவராக நடித்த மாணவர் எல்லா விடைகளையும் ஒப்பித்தார். அப்போது அம்மாணவி என் தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்:

“உங்க அப்பாவை எங்கே புதைச்சீங்க பெரியவரே?”

பெரியவர் விழித்தார். தாளில் அதற்கு விடை இல்லை. எனக்கோ கோபம். “எதிர்த்தரப்புக்கு உதவும் கேள்வியை நீயே கேட்கலாமாம்மா?” என்றேன்.

“கேட்கக்கூடாதுதான் சார். ஆனா எங்க தாத்தாகிட்ட யாருமே இதைக் கேட்கலை. பட்டா இருக்கா, ரசீது இருக்கான்னுதான் கேட்டாங்க. அவங்க அப்பா சமாதி அங்கதான், புளியமரத்தடியில இருக்கு.”

எனக்குப் பேச்செழவில்லை. அன்றிரவு அச்சட்டத்தின் விதிகளைத் தேடிப் படித்தேன். 13ஆம் விதியில் தெளிவாகவே இருக்கிறது: கிணறும் சான்று, இடுகாடும் சான்று, வழிபாட்டிடமும் சான்று. உரிமை கோருபவர் அல்லாத பெரியவரின் வாக்குமூலமும், எழுத்தில் பதிந்தால், சான்றே. இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை வேண்டும், அவ்வளவே. கண்ணகி மட்டும் பட்டயமா காட்டினாள்? சிலம்பை உடைத்தல்லவா காட்டினாள்! ஆண்டுதோறும் அதை நடத்துகிற எனக்கு இது தோன்றவில்லை.

மறுநாள் என் தாள்களையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டேன். மதுரையில் மூன்றாமிடம் கிடைத்தது.

திரும்பி வந்த வாரம் அம்மாணவியின் விடுப்புக் கடிதம் என் மேசைக்கு வந்தது. இரண்டு நாள். காரணம்: ஊர்ப் பெரியவர்களிடம் வாக்குமூலம் எழுதி வாங்க.