வீடு தேடும்போது தூரத்தை யாரிடமிருந்து அளப்பது?

1/ மதுரையிலிருந்து சென்னைக்கு மாறுதல். டூட்டி சென்ட்ரல் பக்கம். புரசைவாக்கத்தில் வீடு பிடிச்சோம். எனக்குப் பதினைந்து நிமிஷம்தான். மகளுக்கு இடம் கிடைத்த பள்ளி முகப்பேரில். வேன் காலை 6.30-க்கே வந்துடும்.

2/ இரண்டாம் வகுப்புப் பிள்ளை. காலையில சாப்பிட மாட்டா, அடிக்கடி தலைவலி. கண், ரத்தம் எல்லாம் நார்மல். "குழந்தை எத்தனை மணி நேரம் தூங்குது?" ஓ.பி.யில் எல்லாரையும் கேட்கிற நான், வீட்ல கேட்கலை. இரவு 10-க்குப் படுத்து 5.30-க்கு எழுந்திருக்கா. 6 முதல் 12 வயதுக்கு 9-லிருந்து 12 மணி நேரத் தூக்கம் வேணும்.

3/ அடுத்த வருஷம் குரோம்பேட்டைக்கு மாறினோம். பள்ளி பத்து நிமிஷ நடை, நடுவில் ஜி.எஸ்.டி. ரோடும் இல்லை, தண்டவாளமும் இல்லை. எனக்குத்தான் பார்க் ஸ்டேஷன் வரை எலெக்ட்ரிக் ட்ரெயின், முக்கால் மணி நேரம்.

4/ இப்போ அவ 9 மணிக்கே தூங்கி, 7 மணிக்கு எழுந்திருக்கா. தலைவலி பேச்சே இல்லை. சாயங்காலம் வந்ததும், "அப்பா, இன்னைக்கு சீட் கிடைச்சுதா?"ன்னு கேட்பா. பாதி நாள் கிடைக்காது. பரவாயில்லை.

5/ அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி, ஒரு திங்கட்கிழமை பள்ளி நேரத்தில் குழந்தையோட அந்த வழியை நடந்து பாருங்க.