ஸ்லோவில் நிற்காத ஜீப்

போச்சம்பள்ளி சிப்காட்டில் 2021இல் உற்பத்தியைத் தொடங்கிய ஓலா ஆலையின் மின் ஸ்கூட்டர்களுக்கு ஐட்லிங் (பட்டறை மொழியில் 'ஸ்லோ') என்பதே கிடையாது. வண்டி நின்றால் மோட்டாரும் நின்றுவிடும். அதே ஊர்ப் பட்டறை ஒன்றில் நான் பார்க்கப் போனது, பின்புறம் தொட்டி கட்டி மாங்காய் ஏற்றும் பழைய பெட்ரோல் மகிந்திரா ஜீப்பை. 2.2 லிட்டர் ஹரிக்கேன் எஞ்சின். இந்த வகை ஜீப்புகள் பலவும் எப்போதோ டீசலுக்கு மாறிவிட்டன.

"ஓட்டத்துல ஒண்ணுமில்லைங்க, ஸ்லோ மட்டும் நிக்கமாட்டேங்குது" என்றார் வண்டிக்காரர்.

மெக்கானிக்குக்கு அது போதுமாக இருந்தது. ஆக்சிலேட்டரை விட்டதும் த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். மெயின் ஜெட்டில் பெட்ரோல் வராது. தட்டுக்குக் கீழே உள்ள சிறு துளை வழியாகத்தான் எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே கோளாறு அந்தச் சிறுவழியில் இருக்க வேண்டும், அல்லது நுழையக்கூடாத இடத்தில் காற்று நுழைய வேண்டும்.

பலரும் எடுத்த எடுப்பில் மிக்சர் ஸ்க்ரூவைத்தான் திருகுவார்கள். இவர் அதைத் தொடவில்லை. உதவியாள் பையன் த்ராட்டிலைச் சற்றே பிடித்திருக்க, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சத்தம் கேட்டார். நான்கிலும் ஒரேபோல் இறங்கியது. நான்கு சிலிண்டரும் எரிகின்றன. பாயிண்ட் இடைவெளி அரை மில்லிமீட்டர், சரி. ஐடில் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்துக் காற்றடித்தார். "கம்பி விடக்கூடாது சார். பித்தளை, ஓட்டை பெருசாயிடும்." மாட்டிய பிறகும் எஞ்சின் ஏறி இறங்கியது.

அடுத்து அவர் செய்ததைத்தான் நான் மறக்கமாட்டேன். த்ராட்டில் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் விரலால் கிரீஸ் அப்பினார். சத்தம் சீரானது!

"ஷாஃப்ட் ஆடுது சார். அங்கதான் ஏர் பிடிக்குது."

பல வருட உரசலில் துளை தேய்ந்து அகன்றிருந்தது. எந்த ஸ்க்ரூவும் இதைச் சரிசெய்யாது. கார்பரேட்டர் லேத்துக்குப் போய், பித்தளை புஷ் போட்டுத் திரும்பியது. அதற்குள் பையன் கார்பரேட்டருக்கு அடியில் வைக்கும் பேக்கிங் ஷீட்டைப் பழைய மாதிரிக்கு வெட்டி வைத்திருந்தான்.

இப்படிப்பட்ட கசிவு இப்போது அதிகம் தொல்லை தருவதற்கு எரிபொருளும் ஒரு காரணம். பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025இல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலிந்துவிடுகிறது. முன்பு சிறு காற்றுக் கசிவைத் தாங்கிய எஞ்சின் இப்போது தடுமாறுகிறது. பழைய ரப்பர் பாகங்களுக்கும் எத்தனால் ஆகாது. இந்த வண்டிகளை நம்பிப் பிழைப்பவர்களை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2020இல் பிஎஸ்-6 மாசு விதிகள் வந்ததும் பெரும்பாலான புதிய பைக்குகளிலிருந்தும் கார்பரேட்டர் மறைந்தது. அந்தப் பையனுக்குப் பிறகு இதைக் கற்க யார் வருவார்கள் என்ற கவலை எனக்கு உண்டு.

கார்பரேட்டரை மாட்டி, எஞ்சின் சூடேறி, சோக் முழுதும் திறந்த பிறகுதான் டியூனிங். அணைத்துவிட்டு மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக அடிவரை இறக்கினார்; இறுக்கினால் ஊசிமுனை நசுங்கும். ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்தார். வேகம் உச்சம் தொடும் இடம்வரை திருகி, பிறகு த்ராட்டில் ஸ்க்ரூவால் தணித்தார்.

"ஒரு லோடு இறக்கிட்டு வாங்கண்ணா" என்றார் வண்டிக்காரரிடம். "பேக்கிங் அமுங்கியிருக்கும், நட்டை இன்னொரு தடவை பிடிக்கணும்."