வாய்க்கால் கரையில் சைக்கிள்



கொஞ்ச நாளா எங்க பக்கம் சைக்கிள்காரங்க நிறைய வர்றாங்க. சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல இருந்து காருக்குப் பின்னாடி சைக்கிளைக் கட்டிக் கொண்டாந்து, உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ ரூம் போட்டுத் தங்குறாங்க. பதிவைப் படிச்சிட்டு எனக்கும் போன் வருது. எல்லாரும் கேட்கிறது ஒண்ணுதான்: "அண்ணே, வண்டி தொந்தரவு இல்லாம ஓட்ட வழி இருக்கா?"

இருக்கு. எங்க இருக்கு, ஏன் இருக்குன்னு இந்தப் பதிவுல சொல்றேன்.

கம்பம் பள்ளத்தாக்கை வரைபடத்துல பாருங்க. மேற்கே கேரளாவோட ஏலத்தோட்ட மலை. கிழக்கே மேகமலை. நடுவுல முல்லைப் பெரியாறு. லோயர் கேம்ப்ல ஆரம்பிச்சு கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டின்னு வடகிழக்கா இறங்கி, தேனிப் பக்கம் போய் வைகையில சேருது. குமுளி நெடுஞ்சாலையும் கிட்டத்தட்ட இதே ஊர்கள் வழியாத்தான் போகுது. லாரி, பஸ், சபரிமலை வண்டி எல்லாம் அதுல. சைக்கிளுக்கு அந்த ரோடு வேண்டாம்.

உங்களுக்கானது வாய்க்கால் கரை. 1895-ல பெரியாறு அணை வேலை முடிஞ்சு, மலையைக் குடைஞ்சு இந்தப் பக்கம் திருப்பின தண்ணியிலதான் இங்க 14,707 ஏக்கர் இருபோகம் விளையுது. ஆத்துல அங்கங்க தடுப்பணை, அதுல இருந்து பிரியிற வாய்க்கால், வாய்க்காலுக்கு ஒரு கரை. தூர் வார, மடையைத் திறந்து அடைக்க, நாத்து, உரம், நெல்லு மூட்டை கொண்டு போக மாட்டுவண்டி போற அகலத்துக்கு அந்தக் கரையைப் போட்டு வச்சாங்க. இப்ப அதுல டிராக்டர் போகுது.

இதுல சைக்கிள்காரங்களுக்கு ஒரு லாபம் உண்டு. தண்ணி மேட்டுல ஏறாது. அதனால வாய்க்கால் கூடப் போற பாதையிலயும் ஏத்தம் கிடையாது. கண்ணுக்கே தெரியாத சரிவு, அவ்வளவுதான். ரெண்டு பக்கமும் மலை நிக்க, பத்து கிலோமீட்டர் மூச்சு வாங்காம மிதிக்கலாம். கரை ஒரே நீட்டமா போகாது. நடுவுல ஊர்த் தெருவுல புகுந்து, பாலம் ஏறி, மறுபடி கரையைப் பிடிக்கணும். வழி கேட்டா யாரும் சொல்லுவாங்க.

உத்தமபாளையத்துல இருந்து லோயர் கேம்ப் போய்த் திரும்பினா ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வரும். காலையில மேற்கே லோயர் கேம்ப் பக்கம் போயிட்டு, வெயில் ஏறினதும் திரும்புங்க. ஆனி, ஆடியில காத்து குமுளிக் கணவாய்ப் பக்கமிருந்துதான் அடிக்கும். காலையில அவ்வளவு இருக்காது. திரும்புறப்ப சரிவும் காத்தும் சேர்ந்து உங்களைத் தள்ளிவிடும். லோயர் கேம்ப்ல பென்னிகுக் மணிமண்டபம் இருக்கு. அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தா மலையில நாலு ராட்சதக் குழாய் இறங்குறது தெரியும். மின்சாரம் எடுத்துட்டு ஆத்துல விடுற அந்தத் தண்ணிதான் நீங்க ஓட்டி வந்த வாய்க்கால்ல ஓடுது.

திராட்சை பார்க்கணும்னா கம்பத்துல இருந்து சுருளிப்பட்டி போங்க. ரெண்டு பக்கமும் கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்த பன்னீர் திராட்சைப் பந்தல். 2023-ல புவிசார் குறியீடு வாங்கின பழம். அப்படியே போனா சுருளி அருவி. பந்தல்ல கை நீட்டிப் பறிக்காதீங்க. என்னைக்கு மருந்து அடிச்சதுன்னு தோட்டக்காரருக்குத்தான் தெரியும். கேட்டா அவரே நல்ல குலையா வெட்டித் தருவார்.

மலை ஏறணும்னு ஆசைப்படுறவங்களுக்கு மேகமலை. சின்னமனூர்ல இருந்து போற ரோடு. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூ பேரு. நானூறு மீட்டர் உயரத்துல இருந்து ஆயிரத்து ஐந்நூறுக்கு ஏறணும்; தொடை சொல்லும் கணக்கை. 2021-ல இருந்து அது புலிகள் காப்பகம். செக்போஸ்ட்ல சைக்கிளை விடுறாங்களான்னு முதல்லயே கேட்டுக்கங்க. இருட்டுறதுக்குள்ள இறங்கிடுங்க. அடிவாரத்துல கூட சாயங்காலம் சுத்தாதீங்க. 2023 மே மாசம் அரிக்கொம்பன் யானை கம்பம் டவுனுக்குள்ளயே வந்து போனது ஞாபகம் இருக்கும்.

கம்பம்மெட்டு, போடிமெட்டு ரோடு காலையில ஆகாது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திப் போற ஜீப்புங்க பறக்கும். சாயங்காலம் அதே வேகத்துல இறங்கும்.

இன்னும் சில விசயம். வேலிமுள்ளுக்கு உங்க மெல்லிசு டயர் தாங்காது. அந்த அளவு டியூப் எங்க ஊர் பஞ்சர் கடையில கிடைக்காது, ரெண்டு கையோட கொண்டு வாங்க. கரையில நெல்லு காயப்போட்டிருந்தா இறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க. வரப்புல ஏத்தாதீங்க, உடைஞ்சா ராத்திரியோட ராத்திரியா ஒரு வயல் தண்ணி வடிஞ்சிடும். நடவு நடுறவங்களைப் படம் எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க.

இப்ப மனசுல இருக்கிறதைச் சொல்லிடறேன்.

இந்தப் பாதையில வண்டி இல்லைன்னு நீங்க சொல்றீங்க. பால்கேன் கட்டின எக்செல், புல்லுக்கட்டு, மாடு, டிராக்டர்னு எங்க வண்டி எல்லாம் இதுலதான் போகுது. மத்த வண்டிக்கு இங்க வேலை இல்ல. ஏன்னா ரெண்டு பக்கமும் வயல். வயல் இருக்கிற வரைக்கும்தான் இது இப்படி இருக்கும்.

எங்களுக்கு மேல்மடையில ரெண்டு ஏக்கர் மனையாச்சு. வித்தவரைக் குறை சொல்ல மாட்டேன், பொண்ணு கல்யாணக் கடன். முதல்ல கலர் கல்லு நட்டாங்க. அப்புறம் கரையில கிராவல் அடிச்சாங்க. எம்சாண்ட் லாரி வர ஆரம்பிச்சது. அங்க இருந்த மடை மண்ணுக்குள்ள போயிடுச்சு. ஜூன்ல தண்ணி திறந்து எங்க எல்லாருக்கும் வந்த பிறகும், அந்த மடையை நம்பி இருந்த கீழ்வயல்காரர் மோட்டார் போட்டுத்தான் நாத்து விட்டார். தூர் வாரக் கூப்பிட்டா மனை வாங்கினவங்க யாரும் வரலை, அவங்களுக்கு வாய்க்கால் எதுக்கு? அந்த வருசத்தோட சைக்கிள்காரங்களும் அந்தக் கரையை விட்டுட்டு வேற கரை தேடிப் போயிட்டாங்க.

என் வயலுக்கும் புரோக்கர் வர்றார். ஒரு ஏக்கர்ல ஒரு போகத்துக்குச் செலவு போக நிக்கிற காசு, ஒரு சென்ட் மனை விலையில பாதி கூட வராது. எனக்கும் கணக்குத் தெரியும். இன்னும் கொடுக்கலை. எத்தனை வருசத்துக்குன்னு சத்தியம் பண்ணவும் முடியாது.

சைக்கிள்ல மூணு தடவை வந்த தம்பி ஒருத்தர் போன் பண்ணினார். "அண்ணே, வாய்க்கால் ஓரமா அஞ்சு சென்ட் கிடைச்சா சொல்லுங்க, சின்னதா ஒரு வீடு கட்டிக்கிறேன்." ஆசையாத்தான் கேட்டார். நான் சொன்னேன்: "தம்பி, நீங்க அஞ்சு சென்ட் வாங்குனா பக்கத்துல இன்னும் நாப்பது பேரு வாங்குவாங்க. அப்புறம் ஓட்டுறதுக்கு இன்னொரு ஊரு பார்க்கணும்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் அரிசி இருக்கான்னு கேட்டார். இருபத்தஞ்சு கிலோ சிப்பம் ரெண்டு, பார்சல்ல போட்டு விட்டேன். வீடு விசயத்துல என்ன முடிவு பண்ணினார்னு இதுவரை சொல்லலை.

வாங்க, ஆசை தீர ஓட்டுங்க. போறப்ப அரிசியோ, திராட்சையோ, ஒரு தார் செவ்வாழையோ வயக்காரங்ககிட்டயே வாங்கிட்டுப் போங்க. மனை மட்டும் கேட்காதீங்க.

முதல் போகம் பார்க்கணும்னா, அணையில தண்ணி இருந்தா ஜூன் முதல் தேதி திறப்பாங்க. ஒரு மாசம் கழிச்சு வந்தா நடவு நடந்துக்கிட்டிருக்கும்.